பருந்து இல்லாத வானம்

மாலதி கோரைப்பாயை உதறி மொட்டை மாடியில் விரித்தாள். பாயின்மேல் என் வீட்டுப் பழைய வேட்டிகள் நான்கு. அவற்றின்மேல், முதல் மாடி ரேபா திதியின் தகரப்பெட்டியிலிருந்து பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம். அந்துருண்டை வாசனையும் மழைக்கால ஈரத்தின் பூஞ்சை வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தன.

கடைசியில் வந்தது சிவப்புப் பனாரஸ். திதியின் அம்மா கல்யாணத்துக்குக் கட்டியது. பிறகு திதி கட்டியது. வருகிற கார்த்திகையில் திதியின் மகள் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டியது.

"மடிப்பப் பிரிச்சுப் போடு. மடிப்புலதான் ஜரிகை விட்டுப்போகும்" என்றேன்.

மாலதி பிரித்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"பருந்தையே காணோமே, மாஷிமா?"

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

திதி என்றால் இங்கே அக்கா. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா எல்லாம். அவர்கள் என்னிடம் பேசியது வங்காளம். நான் பேசியது என்னுடைய வங்காளம். அதைக் கேட்டால் தெருநாய்கூடச் சிரிக்கும் என்பார் என் வீட்டுக்காரர். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் ஹவுரா படகுத்துறை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அம்மா கடிதம் போட்டிருக்கிறார். "கல்கத்தா மழையைப் பற்றி எழுதுங்கள், படிக்கக் குளிர்ச்சியாக இருக்கும்" என்று. எழுதுகிறேன், தாயி. குளிர்ச்சிக்கு நான் பொறுப்பில்லை.

குடை கேட்டவர்

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மழை எங்களுக்கு வெளியூர் மாமா மாதிரி. பேச்சில் இருப்பார், வாசலில் இருக்க மாட்டார். அந்த ஊரை நினைத்து உருகுகிறவள் இல்லை நான். அங்கே உருகுவதற்கு வெயிலைத் தவிர எதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமான ஆனி மாதம் ஹவுராவில் வந்து இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே முழங்கால் தண்ணீர். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போகிறார்.

"இதென்ன ஊரா, கம்மாயா?" என்று கேட்டேன்.

"பேசாம சேலையத் தூக்கிச் செருகிட்டு வாளா. இன்னும் நாலு மாசம் இப்படித்தான்."

வந்த புதிதில் நான் எதற்கும் உதவாதவள். பஸ் பலகை எழுத்தெல்லாம் எனக்குக் கோலம். கடைக்காரன் சொல்வது புரியாது. பக்கத்துக் குடித்தனப் பெண்கள் சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாது. ஜன்னலில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பேன். அதற்கு எழுத்து வேண்டாமே.

இரண்டு வருஷத்தில் பிடிபட்டுவிட்டது. பங்குனி, சித்திரையில் சாயங்காலம் அடிக்கும் புயற்காற்றைக் கால்பைஷாகி என்பார்கள். அது வடமேற்கிலிருந்துதான் வரும். வருகிற அன்று மதியமே வேப்பிலை ஒன்றுகூட அசையாது. காக்காய்கள் கரைவதை நிறுத்திவிட்டு மரத்துக்குள் போகும். அப்புறம் கருங்கல்லில் கட்டிய சுவர் மாதிரி மேகம் எழும்பும். புழுதி, ஜன்னல் அறைகிற சத்தம், தண்ணீர் தெளித்த அடுப்புச் சாம்பல் வாசனை. அரை மணியில் உடம்பெல்லாம் சில்லிட்டுவிடும். எந்தச் சாயங்காலம் வரும், எந்தச் சாயங்காலம் ஏமாற்றும் என்று நான் மதியமே சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் தினமும் செருப்பு மாட்டும்போது கேட்பார்.

"ஏளா, குடை வேணுமா?"

"வேண்டாம்" என்றால் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள்கூட நனைந்து வந்ததில்லை. ஆபீசில் போய், "வானிலை ஆபீஸ வீட்டுலயே வச்சிருக்கேன். சம்பளம் மட்டும் குடுக்கல" என்று பீற்றிக்கொள்வாராம்.

"குழம்புல உப்பு போட்டுத் தாரேம்லா, அதுக்கு நீங்கதான் சம்பளம் தரணும்" என்பேன்.

அவர் மூலம் ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பெண்கள். லேக் கார்டன்ஸுக்குக் குடிவந்த பிறகு கட்டடம் முழுக்கக் கேட்டது. காதுகுத்து வைக்கலாமா, ஊறுகாய் போடலாமா, இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் வைக்கலாமா. படித்த வங்காளிப் பெண்கள், அப்போது எழுத்துக்கூட்டிப் படித்த என்னிடம் வந்து நிற்பார்கள். நான் உடனே சொல்ல மாட்டேன். சும்மாவாவது ஒருமுறை ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வேன். எனக்கென்று இந்த ஊரில் இருந்த கௌரவம் அது ஒன்றுதான்.

பனம்பழ வெக்கை

இவர்களுக்கு வருஷத்தில் ஆறு பருவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒரு மீன், ஒரு சாப்பாடு. நம் ஆவணி மாதத்தை பாத்ரா என்பார்கள். ஆனியும் ஆடியும் கொட்டித் தீர்த்தபிறகு, பாத்ராவில் நாலைந்து நாளாவது வெறிபிடித்த வெயில் அடிக்கும். பனம்பழம் பழுக்கிற வெக்கை என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரிலும் பனம்பழம் பழுக்கும், ஆனால் வெக்கைக்கு அதன் பெயரை வைக்கத் தோன்றியதில்லை. அங்கே எல்லா வெக்கையும் வெக்கைதான்.

அந்த வெயிலில், பெட்டிக்குள் இருக்கும் பட்டு, கம்பளி, தலையணை, புத்தகம் எல்லாவற்றையும் மாடியில் போட்டுக் காய வைப்பது இங்கே வழக்கம். துர்கா பூஜைக்கு முன்னால் வீட்டு ஈரம் போக வேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ரேபா திதி. எந்த நாளில் போடலாம் என்று திதிக்குச் சொன்னவள் நான். முப்பது வருஷம் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது.

என் கணக்கு எளிது. காலையில் பருந்துகள் உயரே, நல்ல உயரத்தில் வட்டமடித்தால் மதியம் மூன்று மணி வரை மழை கிடையாது. துணியைப் போடலாம். பருந்து தாழப் பறந்தால், அல்லது கண்ணிலேயே படாவிட்டால், பெட்டியைத் திறக்கக் கூடாது. இதை மாலதிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கேனிங் லோக்கல்

மாலதி எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்தாள். என் வீடு, ரேபா திதி வீடு, இரண்டாம் மாடி வீடு. விடிகாலை கேனிங் லோக்கல் ரயிலில் ஏறி, பாலிகஞ்சில் இறங்கி நடந்து வருவாள். கேனிங்கில் இறங்கி இன்னும் வேனும் படகுமாகப் போனால் அவள் ஊர். ஆற்றங்கரை. மண்ணால் போட்ட கரைதான் ஊருக்கும் உப்புத்தண்ணிக்கும் நடுவில் நிற்பது.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் என்னைச் சாப்பிட வைத்தவள் அவள்தான். தட்டை எதிரில் வைத்துவிட்டு, "நீங்க சாப்பிட்டாத்தான் தட்டைத் தேய்ப்பேன். தேய்ச்சாத்தான் வண்டி பிடிப்பேன். என் வண்டி உங்க வாய்ல இருக்கு" என்பாள். குடை வேண்டுமா என்று கேட்க ஆளில்லாமல் போன வீட்டில், அவள் கேட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "மாஷிமா, இன்னைக்கு எப்படி?" என்பாள். கேட்கத் தேவையில்லாதவள். ஆற்றங்கரைக்காரிக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எனக்காகக் கேட்டாள் என்று இப்போது புரிகிறது.

ஒவ்வொரு பாத்ராவிலும் எனக்கு ஒரு பனம்பழம் கொண்டு வருவாள். முந்தானையில் சுற்றி, ரயில் கூட்டத்தில் மடியில் வைத்துக்கொண்டு. வீட்டுக்குள் வருமுன்னே வாசனை வந்துவிடும்.

மூன்று விசில்

அந்த வருஷம் ஆடி முழுக்க ஒழுங்காகப் பெய்யவில்லை. பெய்ய வேண்டிய மழையெல்லாம் பாத்ராவில் வந்து நின்றது. அதற்கு முந்தின சில வருஷங்களாகவே என் கணக்கு அங்கங்கே தப்பிக்கொண்டிருந்தது. கால்பைஷாகி வருகிற நாளில் வராமல், வெறும் அனல் காற்று அடித்தது. பூஜை நாட்களில் மழை கொட்டியது. மழைக்காலம் முடிந்ததற்கு அடையாளமான நாணற்பூ வெளுத்தபிறகும் தெருவில் தண்ணீர் நின்றது. இதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை. யாராவது கேட்டால் முன்னைவிட அழுத்தமாகச் சொன்னேன்.

திதிக்கு முழங்கால் போய்விட்டது, மாடி ஏற முடியாது. பெட்டிச் சாவியை என் கையில் வைத்து, "நாளைப் பாத்து நீயே போட்டுடு. என் பெண்ணோட புடவை உன் பொறுப்பு" என்றாள்.

நான்தான் அந்த நாளைக் குறித்தேன். காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஆனால் மாலதி கேட்டது சரி. வானத்தில் ஒரு பருந்துகூட இல்லை.

"வரும்" என்றேன்.

"காத்து தெக்கால இருந்து வருது, மாஷிமா. நாக்குல உப்புப் படுது. நேத்தே எங்க ஆத்துல தண்ணி ஏறிடுச்சு. இன்னைக்கு வேண்டாம், எடுத்துடலாம்."

"உங்க ஆத்துத் தண்ணிக்கும் லேக் கார்டன்ஸ் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? உனக்கு வயசு எவ்வளவோ, அதைவிட அதிகம் நான் இந்த வானத்தப் பாத்திருக்கேன்."

அவள் சிரித்தாள். "அப்போ வானத்துக்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். பிறகு, வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, பன்னிரண்டு மணி வண்டிக்கே போகட்டுமா என்று கேட்டாள். போ என்றேன். என் சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டைப் பார்க்கலாம். அவள் கேட்டைத் திறக்கும்போது ஜன்னலில் எட்டி, "குடை இருக்கா? இருந்தாலும் வேண்டியிருக்காது, போ!" என்று கத்தினேன். அவள் குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

குக்கரை அடுப்பில் வைத்தேன். முதல் விசில் வந்தபோது வெயில் இருந்தது. இரண்டாவது விசிலில் சமையலறை மங்கியது. காற்று இல்லை, இடி இல்லை, கருங்கல் சுவர் இல்லை. மூன்றாவது விசிலும் மழையும் ஒன்றாக வந்தன.

ஓடினேன். என் வயதுக்கு ஓட்டம் என்றால் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதுதான். நான் கதவைத் திறந்தபோது மொட்டை மாடியில் கணுக்கால் தண்ணீர். பாய் மிதந்தது. பனாரஸின் சிவப்பு கரைந்து, பக்கத்திலிருந்த சந்தன நிறப் புடவைகள் எல்லாவற்றிலும் ஏறி, என் வீட்டுக்காரரின் வேட்டி வரைக்கும் ஓடியிருந்தது.

ஒரே ஒரு வாக்கியம்

திதி வந்துவிட்டாள். அந்த முழங்காலோடு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து, நனைந்துகொண்டு. அழவில்லை. புடவையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஜரிகை மங்கிச் சுருண்டிருந்தது.

"நீ சொன்னியே" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குச் சொல்ல இருந்தது இரண்டு வார்த்தை. தெரியவில்லை திதி. தப்பிப்போச்சு திதி. எதுவாக இருந்தாலும் இரண்டே வார்த்தை. அது வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"மாலதிய இங்கயே இருந்து பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தானே கீழ போனேன். சொல்லாம கொள்ளாம வண்டிக்குப் போயிட்டா."

திதி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இனிமே அவ இந்தக் கட்டடத்துக்கே வர வேண்டாம்" என்றாள். சாயங்காலத்துக்குள் இரண்டாம் மாடிக்கும் சேதி போய்விட்டது.

மறுநாள் மாலதி வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கேட்டில் காவல்காரர் சொல்லிவிட்டார். சண்டை போடாமல் நேராக என் வீட்டுக்கு ஏறி வந்தாள். புடவை முழங்கால் வரை சேறு.

"நான் சொல்லாமப் போனேன்னு நீங்க சொன்னதாச் சொல்றாங்களே, மாஷிமா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்: "வானம் மாறிப்போச்சு மாஷிமா. எங்க கிழவனுங்களுக்கே தப்புது. அதுல உங்களுக்கு என்ன அவமானம்? அதச் சொல்லியிருக்கலாமே."

முந்தானையை அவிழ்த்து ஒரு பனம்பழத்தை வாசலில் வைத்தாள். கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம். படியிறங்கிப் போய்விட்டாள். அந்தப் பழத்தை நான் தொடவில்லை. மூன்று நாள் வாசனை வீசி, நாலாம் நாள் ஈ மொய்த்து, காவல்காரர் எடுத்துப் போட்டார்.

பெண்கள் பெட்டி

திதியின் மகள் கல்யாணம் புதுப் புடவையோடு நன்றாகவே நடந்தது. நானும் போய் மீனும் மிஷ்டி என்கிற இனிப்பும் சாப்பிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வைகாசியில் பெரிய புயல் வந்தது. கல்கத்தாவில் மரங்கள் விழுந்தன, நாட்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். மாலதி ஊர்ப்பக்கம் கரை உடைந்து உப்புத்தண்ணி உள்ளே வந்துவிட்டது என்று காய் விற்கிறவள் சொன்னாள். வயலில் உப்பு ஏறினால் வருஷக்கணக்கில் நெல் பிடிக்காதாம்.

ரயில் ஓடத் தொடங்கியதும் ஒரு காலை ரிக்‌ஷா பிடித்து பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போனேன். கேனிங் லோக்கல் வந்து நின்றது. பெண்கள் பெட்டியிலிருந்து கும்பலாக இறங்கினார்கள், வேலை வீடுகளுக்கு ஓடுகிற அவசரம். ஒருத்தியை நிறுத்தி மாலதியைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்த மாலதி? எங்க வண்டியில கல் எறிஞ்சா ஒரு மாலதி மேலதான் விழும். ஊர் பேர் என்ன?"

ஆற்றங்கரை என்பதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் என் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளின் ஊர்ப்பெயர் எனக்குத் தெரியவில்லை. காற்று எந்தத் திசை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"அந்தப் பக்கத்துக்காரங்க நிறையப் பேரு கேரளாவுக்கும் உங்க மதராஸ் பக்கமும் வேலைக்குப் போயிட்டாங்க, மாஷிமா" என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள்.

பால்கனி

இந்த அத்தியாயத்தை இதுவரைக்கும் எழுதி முடித்து உறையில் போட்டேன். ஒட்டக் கை வரவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். ரேபா திதிக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அவளால் படிக்க முடியாத பாஷையில் ஒப்புக்கொண்டால் அது என்ன ஒப்புக்கொள்வது? அதுவும் ஒரு பொய்தான்.

மறுநாள் மதியம் கீழே இறங்கிப் போனேன். திதி பால்கனியில் இருந்தாள். இப்போது நாள் முழுக்க அங்கேதான், கேட்டுக்கு நேர் மேலே.

"திதி, அந்தப் பனாரஸ் விஷயம். மாலதி மேல தப்பு இல்ல. பாத்துக்கோன்னு நான் அவகிட்ட சொல்லவே இல்ல. போன்னு அனுப்புனது நான்தான்."

திதி தெருவைப் பார்த்தபடியே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் இதே நாற்காலியிலதான் இருந்தேன். நீ ஜன்னல்லேருந்து கத்தினியே, குடை இருக்கான்னு. தெரு முழுக்கக் கேட்டுதே. அவ குடையத் தூக்கிக் காட்டினா."

"தெரிஞ்சுமா அவளை நிறுத்தினே?"

"வேற யாரை நிறுத்தறது? உன்னையா?" என்றாள் திதி. "பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிடும்னு அன்னைக்கே தெரியும். எனக்குப் பேச்சுக்கு நீ வேணும். வேலைக்காரி இன்னொருத்தி கிடைப்பா."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, இரண்டு டீ கொண்டு வரச் சொன்னாள். டீ வந்தது. எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீ. குடித்தேன், கடைசிச் சொட்டு வரைக்கும்.

மறுபடியும் பாத்ரா மாதம். கேட்டுக்கு மேலே வானம் வெளுத்து, எந்தப் பக்கமும் சாயாமல் கிடந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே இப்போது வேலை செய்கிற பெண் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு, மாடியில் போடலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

திதி பழைய வழக்கப்படி என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு. மழை வருமா?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து, திதி சிரித்தாள்.